கராஜுக்குள் நுழையாத டிரக்: டாலஸ் புறநகரில் எஃப்-150 வேண்டுமா, மேவரிக் போதுமா?

டாலஸுக்கு வடக்கே பிளேனோ, ஃப்ரிஸ்கோ பக்கம் குடியிருக்கும் நம் ஆட்கள் அடுத்த வண்டி வாங்க உட்காரும்போது இந்தப் பேச்சு தவறாமல் வரும்: "டெக்சாஸில் இருந்துகொண்டு ஒரு டிரக் இல்லாமலா?" எங்கள் வீட்டிலும் வந்தது. எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ஃபோர்டின் பெரிய பிக்கப் டிரக்கான எஃப்-150, அதிலும் நான்கு கதவு வைத்த சூப்பர்க்ரூ. அதே கம்பெனியின் சின்ன டிரக்கான மேவரிக் ஹைப்ரிட், பெட்ரோல் எஞ்சினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது. மூன்றாவது, பழைய மினிவேனையே ஓட்டிக்கொண்டு, டிரக் தேவைப்படும் நாளில் மட்டும் வாடகைக்கு எடுப்பது. நாங்கள் மேவரிக் வாங்கினோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

விலையையும் பெட்ரோலையும் சீக்கிரம் முடித்துவிடலாம். எஃப்-150 மேவரிக்கைவிட எக்கச்சக்கமாக விலை கூட. எல்லா வசதியும் வைத்து வாங்கினால் இரண்டு மேவரிக் வாங்கும் பணம் ஆகிவிடும். 2022 மாடலாக மேவரிக் அறிமுகமானபோது அடிப்படை மாடல் 20,000 டாலருக்குக் கீழே கிடைத்தது. அந்த விலை இப்போது இல்லை, பல ஆயிரம் ஏறிவிட்டது. இருந்தாலும் இடைவெளி பெரிதுதான். பெட்ரோல் கணக்கைப் பார்த்தால், 2024 மாடல் வரை முன்சக்கரம் மட்டும் இழுக்கும் மேவரிக் ஹைப்ரிடுக்கு அரசாங்க மதிப்பீடு காலனுக்கு 37 மைல். 2.7 லிட்டர் எஞ்சின் வைத்த எஃப்-150, நான்கு சக்கரமும் இழுக்கும் 4×4 என்றால், சுமார் 21 மைல். வருடம் 12,000 மைல் ஓட்டுகிறவருக்கு ஏறக்குறைய 245 காலன் வித்தியாசம். காலன் 3 டாலர் என்று வைத்தாலும் 700 டாலருக்கு மேல். நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் குறையும். மேவரிக் ஹைப்ரிட் சிக்கனம் காட்டுவது சிக்னலுக்கு சிக்னல் நிற்கும் ஊர் ஓட்டத்தில்தான்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று, கராஜ்.

இந்தப் பக்கத்துப் புறநகர் வீடுகளில் இரண்டு கார் கராஜ் என்றால் உள்ளே சுமார் 20 அடி நீளம் இருக்கும். சூப்பர்க்ரூ எஃப்-150, பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியைச் சின்னதாக வாங்கினாலே, 19 அடி 4 அங்குலம் வருகிறது. காகிதத்தில் பார்த்தால் உள்ளே போய்விடும். ஆனால் வெறும் கராஜ் யார் வீட்டில் இருக்கிறது? எங்கள் கராஜில் எதிர்ச்சுவரை ஒட்டி இரண்டாவது ஃப்ரிஜ் நிற்கிறது, பக்கத்தில் அரிசி மூட்டை அடுக்கும் அலமாரி, வீட்டுக்குள் ஏறும் இரண்டு படிகள். சோதனை ஓட்டத்துக்கு எடுத்த எஃப்-150-ஐ விற்பனையாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கே ஓட்டிவந்தோம். மனைவி முன்னால் நின்று கை காட்ட, ஃப்ரிஜ் கதவில் இடிக்காத அளவுக்கு உள்ளே விட்டேன். கராஜ் பொத்தானை அழுத்தினால், இறங்கி வந்த கதவு வண்டியில் தட்டி மேலே திரும்பிவிட்டது. பின்பக்க பம்பர், கதவு இறங்கும் கோட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. "ஃப்ரிஜை வெளியே வைக்கலாம், இல்லை வண்டியை வெளியே வைக்கலாம்" என்றாள் அவள்.

அகலமும் சேர்த்துப் பாருங்கள். கண்ணாடிகளை விரித்தபடி எஃப்-150 கிட்டத்தட்ட 8 அடி. இங்கே சில வீடுகளில் ஒரே பெரிய கதவுக்குப் பதில் 8 அடி அகலத்தில் இரண்டு தனிக் கதவுகள் இருக்கும். அப்படிப்பட்ட வீடு என்றால் தினமும் கண்ணாடியை மடக்கித்தான் உள்ளே போக வேண்டும்.

வெளியே நிறுத்தினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் வடக்கு டெக்சாஸுக்குப் புதியவர்களாக இருப்பார்கள். மார்ச் தொடங்கி ஜூன் வரை இங்கே ஆலங்கட்டி மழை எப்போது வேண்டுமானாலும் வரும். மாலை நாலு மணிக்கு வானம் பச்சை கலந்து கறுத்தால் போதும், தெரு முழுக்க அவரவர் வண்டியை உள்ளே தள்ளுவார்கள். வெளியே இருக்கும் டிரக்கின் மேல் போர்வை, யோகா மேட், சோபா மெத்தை என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் விரிப்பார்கள். கோல்ஃப் பந்து அளவு விழுந்தால் கூரையும் பானெட்டும் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் இதற்குப் பணம் தரும், ஆனால் டிடக்டிபிள், அதாவது முதலில் நாம் கட்ட வேண்டிய பங்கு, ஒவ்வொரு முறையும் நம் கையிலிருந்துதான். இன்னொன்று, 2015 மாடலிலிருந்து எஃப்-150-இன் உடம்பு அலுமினியம். பெயின்ட் போகாமல் உள்பக்கமிருந்து கம்பியால் தள்ளி நசுங்கலை எடுக்கும் வேலையில் இரும்புத் தகடு ஓரளவு தன் பழைய வடிவுக்குத் திரும்பும், அலுமினியம் அப்படித் திரும்பாது. நேரம் கூடும், கூலியும் கூடும். அலுமினியம் என்றாலே தனியாக ஏற்றிக் கேட்கும் கடைகள் உண்டு. அப்புறம் வெயில். ஜூலை, ஆகஸ்டில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் ஊரில் வருடம் முழுக்க டிரைவ்வேயில் நிற்கும் வண்டியின் டாஷ்போர்டும் பெயின்ட்டும் ஐந்து வருடத்தில் எப்படி ஆகும் என்று தெருவைச் சுற்றி வந்தாலே தெரியும்.

நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் டாலர் போட்டு வாங்கியதை ஆலங்கட்டியில் விட்டுவிட்டு, உள்ளே பழைய ஃப்ரிஜைப் பத்திரமாக வைத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. மேவரிக் 16 அடி 8 அங்குலம். ஃப்ரிஜ், அலமாரி, படி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, வண்டிக்குப் பக்கத்தில் குழந்தைகளின் சைக்கிளையும் நிறுத்த முடிகிறது.

இதே நீளம் கடை வாசலிலும் படுத்தும். இங்கே வழக்கமான பார்க்கிங் கட்டம் 9 அடி அகலம், 18 அடி நீளம். எஃப்-150 ஒரு அடிக்கு மேல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சனிக்கிழமை சாயங்காலம் இந்தியக் கடை வாசலில் அந்தத் துருத்தலைச் சுற்றி வண்டியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சரி, டிரக்கின் வேலைக்கு வருவோம். எங்களுக்கு இருப்பது வசந்த காலத்தில் தோட்டத்து மண்ணை மூடப் போடும் மல்ச் மூட்டைகள், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு மடக்கு மேசைகளும் ஸ்பீக்கர்களும், யாராவது வீடு மாறினால் ஒரு சோபா. மேவரிக்கின் தொட்டி நாலரை அடிதான். ஆனால் பின்கதவைப் பாதி உயரத்தில் நிறுத்தினால் 4×8 பிளைவுட் பலகை சக்கர மேடுகளின் மேல் சமமாக உட்காரும், அப்படியே வடிவமைத்திருக்கிறார்கள். சுமக்கும் எடை 1,500 பவுண்ட். அதைத் தாண்டும் வேலை வந்தால் ஹார்டுவேர் கடையிலேயே டிரக் வாடகைக்கு நிற்கிறது, ஒரு மணி நேரத்துச் சின்ன வேலையை 20 டாலர் சில்லறையில் முடித்துவிடலாம்.

டிரெய்லர் இழுப்பதில் எனக்கு அனுபவம் கிடையாது, எங்களிடம் படகும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் லேக் டெக்ஸோமாவுக்குப் படகு இழுத்துப் போகிறவர். அவர் எஃப்-150 வைத்திருப்பதில் ஒரு கேள்வியும் இல்லை. மேவரிக் ஹைப்ரிட் 2024 மாடல் வரை 2,000 பவுண்ட்தான் இழுக்கும். வாராவாரம் டிரெய்லர் மாட்டுகிறவர், கட்டட வேலை செய்கிறவர், ஊருக்கு வெளியே நிலம் வைத்திருப்பவர் எல்லாம் பெரிய டிரக்கையே வாங்கட்டும். ஆனால் ஸ்ட்ராட்டஜிக் விஷன் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில், டிரக் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் டிரெய்லர் இழுப்பது வருடத்துக்கு ஒரு முறை, அல்லது அதுவும் இல்லை. ஒரு நாள் வேலைக்காக 365 நாளும் அந்த நீளத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

எஃப்-150 நிச்சயமாக ஜெயிக்கும் இடம் பின் சீட். கால் நீட்டி மூன்று பேர் ஹூஸ்டன் வரை போகலாம். மேவரிக்கில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆனால் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, முட்டிவலியோடு எஃப்-150-இன் படியில் கால் வைத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி ஏறியதைப் பார்த்த பிறகு, அந்த இடம் யாருக்காக என்று யோசிக்க வேண்டியதாயிற்று. மேவரிக்கில் அவர் சாதாரணக் காரில் ஏறுவது போல ஏறி உட்காருகிறார். முழுக் குடும்பமும் தாத்தா பாட்டியும் சேர்ந்து போகும் வீடு என்றால் நான் இரண்டு டிரக்கையும் சொல்ல மாட்டேன், மினிவேனை விற்காதீர்கள் என்பேன்.

இன்னொரு விஷயத்தையும் விட மனமில்லை. எங்கள் தெருவில் பள்ளி விட்டதும் குழந்தைகள் சைக்கிளோடு வெளியே வந்துவிடுவார்கள். எஃப்-150-இன் ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால், பானெட்டுக்கு நேர் முன்னே நிற்கும் சின்னக் குழந்தை தெரியவே தெரியாது. அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனங்களின் ஆய்வு மையமான ஐஐஹெச்எஸ் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் நடந்து செல்பவர் மீது மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உயரமும் சரிந்த முகமும் கொண்ட வண்டிகளைவிட உயிர்ச்சேத வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். முன்பக்கக் கேமரா கொஞ்சம் உதவும், ஆனால் மோதலின் வேகத்தை அது குறைக்காது.

சின்ன டிரக் தேடினால் கடையில் இத்தனை குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக 1964-ல் இறக்குமதி டிரக்குகளுக்குப் போட்ட 25 சதவீத வரி பல பத்தாண்டுகளாக நீடித்தது. வெளிநாட்டுச் சின்ன டிரக்குகளுக்கு வழி அடைந்தது. எரிபொருள் விதிகளோ பெரிய வண்டிக்குத் தளர்வாக அமைந்தன. ஃபோர்டே தன் பழைய சின்ன டிரக்கான ரேஞ்சரை 2011-ல் இங்கே நிறுத்திவிட்டு, 2019-ல் பெரிதாக்கித் திரும்பக் கொண்டுவந்தது. அதனால் பக்கத்து வீட்டில் எல்லோரும் பெரியது வைத்திருப்பது, எல்லோருக்கும் பெரியது தேவைப்பட்டதால் மட்டும் அல்ல.

மறுவிற்பனையைப் பொறுத்தவரை, என் வண்டியை நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. எஃப்-150-க்கு இந்த ஊரில் எப்போதும் ஆள் இருப்பார்கள், அது மட்டும் உறுதி. மேவரிக்கின் ஹைப்ரிட் பேட்டரி பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதையும் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டுமென்றால் இப்போதைய ரேஞ்சர் இருக்கிறது, சுமார் பதினேழரை அடி. எஃப்-150 தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், இரண்டு கதவு வைத்த ரெகுலர் கேப், ஆறரை அடித் தொட்டியோடு, பதினேழரை அடிக்குள் வந்துவிடும். ஆனால் பின் சீட் கிடையாது. ஷோரூமுக்குப் போகும் முன் ஃப்ரிஜிலிருந்து கராஜ் கதவு வரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள்.