பனிச்சாலைக்கு எது? பார்ட் டைம் ஃபோர் வீலா, ஆல் வீலா?

கனடாவின் ஒன்டாரியோவில் பனிக்காலத்தை மனதில் வைத்து வண்டி வாங்கப் போனால் இந்தக் கேள்வி வந்தே தீரும். ஜீப் ரேங்லர் மாதிரி லீவர் போட்டால் மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் பார்ட் டைம் வண்டியா, சுபாரு மாதிரி எப்போதும் நான்கும் இழுக்கும் ஆல் வீல் டிரைவா? பாரி நகரிலிருந்து 400ஆம் நெடுஞ்சாலையில் தினமும் வேலைக்குப் போகிறவன் நான், சுபாருவை எடுத்தேன். தம்பியிடம் ரேங்லர் இருப்பதால் அதையும் அவ்வப்போது ஓட்டுகிறேன்.

வழுக்கும் இடத்தில் கிளம்பவும் மேடு ஏறவும் இரண்டும் போதும். பிரேக் பிடித்தால் வண்டியை நிறுத்துவது டயர்தான். 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும், அதனால் எதை வாங்கினாலும் விண்டர் டயர் போடுங்கள். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டம்.

என்னைச் சுபாரு பக்கம் சாய்த்தது சாலைதான். ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து பனிக்காற்று அடித்தால் கொஞ்ச தூரம் எல்லாம் வெள்ளை. அதைத் தாண்டினால் உப்புப் போட்டுக் காய்ந்த தார். ரேங்லரில் 4 ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும், சாதாரண வேகத்துக்கான நிலை) போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும். பனியில் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தரையில் அதற்கு வழியில்லை, இறுக்கம் முழுக்க, முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பெட்டியில் ஏறும். 4 ஹையிலேயே காய்ந்த பார்க்கிங்குக்குள் திருப்பினால் ஸ்டியரிங் கனக்கும், ஹேண்ட் பிரேக்கை எடுக்காததுபோல வண்டி முரண்டு பிடிக்கும், டயர் துள்ளித் துள்ளி உரசும். அப்புறம் லீவரை, பின் சக்கரம் மட்டும் தள்ளும் 2 ஹைக்குத் தள்ளினாலும் சில நேரம் வராது. நேராக நான்கடி ரிவர்ஸ் எடுத்தால் இறுக்கம் விட்டுக் கழன்றுகொள்ளும்.

ஆக, பார்ட் டைம் வண்டியில் ஒவ்வொரு பனித்திட்டுக்கும் நாம்தான் முடிவெடுக்க வேண்டும். பனிக்குள் நுழையும் முன்பே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போது 4 ஹை போட வேண்டும். சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கிச் சுற்றத் தொடங்கியபின் போடக் கூடாது. தார் தெரிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் பின் சக்கரம் மட்டும்தான் தள்ளும். அந்த நேரம் பாலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் இருந்தால், பின்பக்கம் சறுக்கிப் போகும். ஆட்டோமேட்டிக் சுபாருவில் நடுவிலுள்ள கிளட்ச்சே, திரும்பும்போது முன் பின் சக்கரங்களுக்கு வரும் அந்தத் தூர வித்தியாசத்துக்கு விட்டுக்கொடுத்துவிடும். இருட்டில், பனிப்புயலில் என் கவனம் முழுக்கச் சாலையில் இருக்கிறது. (தேவைப்படும்போது தானாகவே நான்கு சக்கரத்துக்கும் மாறும் 4 ஆட்டோ உள்ள பிக்கப்புகளுக்கும், அதே வசதி தரும் செலெக் டிராக் போட்ட ரேங்லருக்கும் இந்தக் குறை இல்லை.)

சுபாருவுக்கென்று ஒரு செலவு உண்டு. நான்கு டயரும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். பாதி ஓடிய செட்டில் ஒன்று கிழிந்தால், பெரும்பாலும் நான்கையும் மாற்ற வேண்டிவரும்.

ரேங்லர் ஜெயிக்கும் இடம் 4 லோ, அதாவது மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர். வண்டி கிட்டத்தட்ட நின்றபின் நியூட்ரலில் வைத்துப் போட வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் பனி அள்ளும் லாரி குவித்துவிட்டுப் போன மேட்டின் மேல் அது நிதானமாக ஊர்ந்து ஏறி இறங்கியது. அள்ளாத காட்டேஜ் பாதைகளில், முழங்கால் பனியில் எனக்கு அனுபவம் குறைவு; அங்கே வீடு இருப்பவர் ரேங்லர்தான் வேண்டும் என்றால் நான் மறுக்க மாட்டேன். அவரும் காய்ந்த நெடுஞ்சாலையில் ஏறும் முன் 2 ஹைக்கு வந்துவிட வேண்டும்.