மசி 35 வாங்குவதா, 135 வாங்குவதா?

புது உழவு இயந்திரத்துக்குக் காசு காணாது என்றால் யாழ்ப்பாணத்தில் பேச்சு வந்து நிற்பது பழைய மசி பேர்குசன் 35இலும் 135இலும்தான்.

35 சின்னது. வலிகாமத்துச் செம்மண்ணில் துண்டு துண்டாகக் கிடக்கும் வெங்காயத் தோட்டத்துக்குள், கிணற்றுக்கட்டையும் வேலியையும் இடிக்காமல் திருப்ப அது சுகம். ஆனால் எல்லா 35உம் ஒன்றல்ல: தொடக்கத்தில் வந்த டீசல் 35இல் இருந்தது நான்கு சிலிண்டர் எஞ்சின், குளிரில் ஸ்டார்ட் எடுக்க அது படுத்தும் பாடு பேர்போனது, 1959 கடைசியில்தான் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின் வந்தது. சிலிண்டருக்கு ஒன்றாக டீசல் பீச்சும் இன்ஜெக்டர் மூன்றா நான்கா என்று எண்ணிப் பாருங்கள், நான்கு என்றால் விட்டுவிடுங்கள்.

1964இல் வந்த 135உம் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ்தான், ஆனால் டீசலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் வகை, சட்டென்று பிடிக்கும், வலுவும் கூட. தென்மராட்சியில் மாரி உழவு, பெட்டி (ட்ரெய்லர்) இழுப்பு, ஊருக்குக் கூலி உழவு என்று ஓடப்போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள். பத்துப் பரப்புத் (பதினாறு பரப்பு ஓர் ஏக்கர்) தோட்டம் மட்டும் என்றால் இவ்வளவு பெரியது தேவையில்லை, நல்ல 35 போதும்.

எதை எடுத்தாலும் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கியர்பெட்டி ஒயில் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்போல வெளுத்திருந்தால் வயல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, கலப்பையைத் தூக்கும் ஹைட்ரோலிக்கும் அதே ஒயிலில்தான் ஓடுகிறது. அப்புறம் கொத்துக்கலப்பையைப் பூட்டித் தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். கலப்பை உடனே கீழே இறங்கினால் ஹைட்ரோலிக் திருத்தும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.