செவன்த் கோட்: பாட்டுக்கு எடுக்கப் போய் படமாகிவிட்ட ஒன்று

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘செவன் சாமுராய்’ எடுத்த அகிரா குரோசாவாவுக்கும் ‘செவன்த் கோட்’ என்ற இந்த ஜப்பானியப் படத்தை எடுத்த கியோஷி குரோசாவாவுக்கும் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு எந்த உறவும் கிடையாது. இவர் 1997இல் ‘கியூர்’ என்ற படத்தை எடுத்து, ரத்தத்தைக் காட்டுவதைவிடக் காலி அறையைக் காட்டினால்தான் வயிற்றைக் கலக்கும் என்று நிரூபித்தவர். ‘செவன்த் கோட்’ 2013இல் வந்தது. ஒரு மணி நேரம்தான் ஓடும், இடம் ரஷ்யாவின் விளாடிவோஸ்டோக்.

கதை ரொம்பச் சின்னது. அகிகோ என்ற பெண் டோக்கியோவில் ஒரே ஒரு தடவை சந்தித்த மட்சுனாகா என்பவனைத் தேடிக்கொண்டு, பெட்டியை இழுத்தபடி விளாடிவோஸ்டோக் வந்து நிற்கிறாள். அவனோ, யார் நீ என்பதுபோல் பார்க்கிறான். வெளிநாட்டில் யாரையும் நம்பாதே என்று ஒரு புத்திமதி மட்டும் சொல்லிவிட்டு நழுவிவிடுகிறான். இவள் விடுவதாக இல்லை, பின்னாலேயே போகிறாள். போன இடத்தில் சில ஆட்கள் அவளைச் சாக்கில் போட்டுக் கட்டி, ஊருக்கு வெளியே பொட்டலில் வீசிவிட்டுப் போகிறார்கள். அப்புறம் ஒரு ஜப்பானியர் நடத்தும் சின்ன உணவகத்தில் ஒண்டிக்கொண்டு, அங்கே வேலை செய்தபடி மறுபடியும் அவனைத் துரத்துகிறாள். நடுவே கிரைட்ரான் என்று ஒரு பொருள் வருகிறது. அணுகுண்டை வெடிக்கவைக்கும் அமைப்பில் பயன்படும் மின்சுவிட்சு மாதிரியான குழாய். அது யாருக்கு, எதற்கு என்பதைச் சொன்னால் படத்தில் மிச்சம் ஒன்றும் இருக்காது.

எனக்குப் பிடித்தது ஊரைப் பயன்படுத்தியிருக்கும் விதம். வெளிநாட்டில் எடுக்கும் படம் என்றால் கோபுரம், பாலம், கடற்கரை என்று வரிசையாகக் காட்டிச் செலவுக்குக் கணக்கு ஒப்பிப்பார்கள் இல்லையா, அந்த வேலையே இங்கே இல்லை. விளாடிவோஸ்டோக் ஒன்றும் சாதாரண ஊர் இல்லை. மாஸ்கோவிலிருந்து 9,288 கிலோமீட்டர் ஓடிவரும் சைபீரிய ரயில்பாதை முடிகிற இடம், பசிபிக் கடற்படையின் தளம், 1992 வரை வெளிநாட்டவர் நுழையவே முடியாமல் மூடிக்கிடந்த நகரம். ஜப்பானிலிருந்து கடலைத் தாண்டினால் வந்துவிடும் தூரம்தான், ஆனால் இறங்கிப் பார்த்தால் முகம், எழுத்து, கட்டடம் எல்லாமே ஐரோப்பா. இது எதையும் யாரும் நமக்கு வகுப்பெடுப்பதில்லை. ஏறியும் இறங்கியும் போகும் தெருக்களில் ஒரு பெண் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள், கேமரா கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கிறது, எந்த மூலையிலிருந்து யார் வருவார்களோ என்று நாம்தான் பதறிக்கொண்டிருக்கிறோம். பாழடைந்த கட்டடங்களுக்குள் அவள் நுழையும்போதெல்லாம் ‘கியூர்’ எடுத்த அந்தப் பழைய கியோஷி எட்டிப் பார்க்கிறார்.

அகிகோவாக வருபவர் அட்சுகோ மயேதா, ஏகேபி48 என்ற பாடகிகள் குழுவில் முன்னணியில் இருந்தவர். பாதிப் படம் வரைக்கும், இந்தப் பொண்ணுக்கு நடிக்க வரவில்லையே, முகத்தில் ஒன்றுமே தெரியவில்லையே என்றுதான் நினைப்பீர்கள். அந்த வெறுமை ஏன் என்பது பின்னால் புரியும். மட்சுனாகாவாக ரியோஹெய் சுசுகி. இருவருக்கும் இடையே ஒரு அடிதடி வருகிறது பாருங்கள், அதுவரை மெதுவாக நகர்ந்த படம் சட்டென்று வேறு ஆளாகிவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. உணவகம் நடத்துபவரும் அவரோடு இருக்கும் சீனப் பெண்ணும் வாழ்க்கை, அதிகாரம் என்று பேசும் இடங்கள் இழுவை. கடைசிப் பகுதியில் திடுதிப்பென்று மயேதா முழுப் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பிப்பார், பலருக்கு அங்கேதான் எரிச்சல் வரும். காரணம் இருக்கிறது. இந்தத் திட்டமே அவருடைய பாட்டுக்கு விளம்பரக் காணொளி எடுக்கத் தொடங்கியதுதான், அது வளர்ந்து படமாகி, ரோம் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதும் வாங்கிவிட்டது! காரணம் தெரிந்த பிறகும் அந்த ஐந்து நிமிடம் எனக்கு ஒட்டவில்லை. திருப்பம் வந்ததும் அதை ஊறவிடாமல் அவசரமாக முடித்ததும் ஒரு குறை. இன்னொரு இருபது நிமிடம் கொடுத்திருக்கலாம்.

பிடித்துப்போனால், இதே இயக்குநரும் நடிகையும் உஸ்பெகிஸ்தானுக்குப் போய் எடுத்து 2019இல் வந்த ‘டு தி எண்ட்ஸ் ஆஃப் தி எர்த்’ படத்தையும் பாருங்கள். அதில் உளவும் இல்லை, கொலையும் இல்லை, ஒரு தொலைக்காட்சித் தொகுப்பாளினி தெரியாத ஊரில் வழி தேடி நடக்கிறாள், அவ்வளவுதான். எனக்கென்னவோ இதைவிட அதில்தான் அதிகம் பயமாக இருந்தது.