மூன்று மணி நேர வேலையும் ஒரு யு.எஸ்.பி கம்பியும்

"விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா?" என்று நண்பர் கேட்ட நேரம் சரியில்லை. என் இயந்திரத்தில் வெட்டுமுனையைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துபோய், புது மோட்டார் மாட்டிய கையோடு இருந்தேன். அவர் கேட்டதும் என்னிடம் இருப்பதும் 3018 வகைச் சிறு சிஎன்சி இயந்திரம், அதாவது கணினி சொல்லும் வழியில் வெட்டுமுனையை ஓட்டி மரம் குடையும் கருவி; 300க்கு 180 மில்லிமீட்டர் மேடை, 775 வகை மோட்டார், உள்ளே அதை இயக்கும் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள். இதெல்லாம் அவருக்கே தெரியும். மரத்தில் மெழுகுவர்த்தி அச்சு குடைய அது தோதுப்படுமா என்பதுதான் கேள்வி.

மோட்டார் தேய்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. அது தேயும் பொருள், மலிவாகவும் கிடைக்கிறது. என் கோபமெல்லாம் கணினியின் ஆணைகளை இயந்திரத்துக்குக் கொண்டுபோகும் யு.எஸ்.பி இணைப்பின் மேல்தான். பந்துமுனை பிட் (உருண்டை நுனி கொண்ட வெட்டுமுனை), தன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் நகர்ந்து நகர்ந்து சீவினால்தான் வளைவுகளில் படிக்கட்டு தெரியாது. அப்படி அச்சின் ஒரு பாதியை முடிக்க மூன்று மணி நேரம் ஆகிவிடும். இரண்டரை மணி நேரம் சமர்த்தாக ஓடும். குவிந்த மரத்தூளை எடுக்க உறிஞ்சியைப் போட்டதும் கணினி இணைப்பு அறுந்துவிடும். மேடை நின்றுவிட, ஸ்பிண்டில் மட்டும் அதே இடத்தில் சுழன்று மரத்தைக் கருக்கும். இந்த ஸ்டெப்பர் மோட்டார்களுக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்ல உணரி கிடையாது. மேடை ஓரத்தைத் தொட்டதும் தொடக்கப் புள்ளியைக் காட்டும் லிமிட் சுவிட்சும் இல்லையென்றால், விட்ட இடத்தைத் துல்லியமாகப் பிடிக்க வழியில்லை. நல்ல தேக்குத் துண்டு விறகாகிவிடும்.

இணைப்பைக் கெடுக்கும் மின் இரைச்சலை அடக்க, மோட்டார் முனைகளில் செராமிக் கெபாசிட்டர் பற்றவைத்தேன். அதற்காகவே யு.எஸ்.பி கம்பியில் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையம் போட்டேன். உறிஞ்சிக் குழாயில் நிலைமின்சாரம் சேராதிருக்க எர்த் கொடுத்தேன். தொல்லை குறைந்தது, ஒழியவில்லை. எஸ்டி கார்டிலிருந்து நேரே ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தனியாக வாங்கிய பிறகுதான் நிம்மதி. விற்றவரோ "கணினியை மாற்றிப் பாருங்கள்" என்பதோடு சரி.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். உளி பிடிக்கத் தெரிந்தவருக்கு அச்சின் ஒரு பாதி எளிது. அதற்கு எதிர்ப்பாதியை விளிம்போடு விளிம்பு பொருந்தச் செதுக்குவதுதான் பாடு. இயந்திரம் அதை இணைப்பு ஆணிகளுக்கான துளைகளோடு பிசகாமல் குடைந்து தருகிறது. பக்கச் சுவர்களுக்கு மூன்று டிகிரியாவது சாய்வு வைத்து வரைந்தால் வர்த்தி அடம்பிடிக்காமல் வெளியே வரும். மெழுகு ஆறும்போது சுருங்குவதும் துணை. ஊற்றுவதற்கு முன் அச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்துக்கொள்கிறேன், மரத் துளைகளில் மெழுகு ஏறாது. ஆனால் ஊறிய மரம் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் உப்பும். இரு பாதிகளும் ஒன்றுபோல உப்பாவிட்டால் இணைப்பில் மெழுகு கசியும். அதனால் இரண்டையும் ஒரே பலகையில் அடுத்தடுத்து வெட்டுகிறேன். திரியும் நார் ஓடும் திசையிலேயே இருக்கும்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று உண்டு. பிட் விட்டுச்செல்லும் மெல்லிய வரிகளை முன்பெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழிப்பேன். இப்போது தொடுவதே இல்லை. அவை மெழுகில் அப்படியே பதிகின்றன. தேன்மெழுகாக இருந்தால், பக்கவாட்டில் வெளிச்சம் படும்போது உளியால் பொறுமையாக இழைத்ததுபோலத் தெரியும். அண்ணி கிறிஸ்துமஸுக்கு விற்கும் வர்த்திகளில் இந்த வரி விழுந்தவைதான் முதலில் தீர்கின்றன. வழவழப்பானவை இரண்டாம்பட்சம்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். விலை இறங்கிய அந்த மாடலில் லிமிட் சுவிட்சும் இல்லை, கட்டுப்பாட்டுப் பெட்டியும் இல்லை. இரண்டையும் தனியே வாங்கினால் சலுகை கரைந்துவிடும். கூடவே கொடுக்கும் வி-முனை பிட்கள் பெயர்ப்பலகை எழுதத்தான் ஆகும். ஒன்றிரண்டு அச்சு போதுமென்றால் வரைபடத்தை அனுப்புங்கள், நானே குடைந்து தருகிறேன். பலகை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.