பாங்காக் பயணம்: ஃபாரெக்ஸ் கார்டா, ஜீரோ மார்க்கப் கார்டா?

நானும் என் மச்சானும் குடும்பத்தோடு ஆறு நாள் பாங்காக் போய் வந்தோம். தங்கிய ஓட்டல் ஒன்று, சுற்றிய இடங்களும் ஒன்று. பணம் கொடுத்த வழிதான் வேறு. அவர் தன் வங்கியில் டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு கொண்டுவந்தார். நான் மொபைல் ஆப்பிலேயே கணக்கு தொடங்கி ஒரு ஜீரோ மார்க்கப் டெபிட் கார்டு, அதாவது நாணய மாற்றுக்கு வங்கி மேல்கட்டணம் போடாத கார்டு, வாங்கியிருந்தேன். ஊருக்கு வந்ததும் இருவர் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். அடுத்த பயணத்துக்கும் நான் எடுத்துப்போகப் போவது ஜீரோ மார்க்கப் கார்டைத்தான்.

வழக்கமான சம்பளக் கணக்கு டெபிட் கார்டை இந்தப் பேச்சில் சேர்க்கவே வேண்டாம். பல வங்கிகளில் 3.5 சதவீத மார்க்கப், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 4.13 சதவீதம். லட்ச ரூபாய் செலவழித்தால் 4,130 ரூபாய் கட்டணமாகவே போய்விடும். கார்டைப் பூட்டுவது, லிமிட் வைப்பது, செலவைக் கையோடு காட்டுவது போன்றவற்றில் எங்கள் இருவர் ஆப்பிலும் குறை இல்லை.

வித்தியாசம் ஒரே இடத்தில்தான்: நம் ரூபாய், தாய்லாந்து நாணயமான பாத் ஆவதற்குள் எத்தனை முறை மாற்றப்படுகிறது? ஒவ்வொரு மாற்றத்திலும் யாரோ ஒருவர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார்.

மச்சான் பணத்தைப் பாருங்கள். ரூபாயை டாலராக்கும்போது வங்கி சொன்ன விலை. அதிலேயே அவர்கள் லாபம் இருக்கிறது. பாங்காக்கில் தேய்க்கும்போது டாலர் பாத் ஆகிறது. அதற்குத் தனிக் கட்டணம். மிஞ்சிய டாலரைத் திரும்ப ரூபாயாக்கினால் இந்த முறை வங்கி வாங்கும் விலை, அது விற்கும் விலையைவிடக் குறைவு. மூன்று மாற்றம். நேரடியாக பாத் ஏற்றும் கார்டு கிடைத்தால் ஒன்று குறையும். ஆனால் எல்லா வங்கியின் கார்டிலும் பாத் கிடையாது. வாங்கும் முன் அதைக் கேட்டுவிடுங்கள். மிஞ்சிய தொகைக்காக அவர் கிளைக்குப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் காத்திருந்ததும் சேர்த்தி. அளந்து ஏற்றலாமே என்பீர்கள். குழந்தைகளோடு போகும் இடத்தில் யாரும் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஏற்றுவார்கள்.

என் கணக்கில் பணம் ரூபாயாகவே கிடந்தது. தேய்த்த அன்று, விசா நிறுவனத்தின் அன்றைய விலையில், ஒரே ஒரு மாற்றம். மிச்சம் இருந்ததை வந்த மறுநாள் மளிகைக் கடையில் செலவழித்தேன். நியோ, ஸ்காபியா என்று இந்த வகையில் சில இருக்கின்றன. ஸ்காபியா கிரெடிட் கார்டு. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடும், ஆகவே ஏடிஎம்முக்கு டெபிட் கார்டுதான் சரி.

பாங்காக்கில் ரொக்கம் இல்லாமல் முடியாது. தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளில் ரொக்கம், இல்லையென்றால் அவர்கள் நாட்டு க்யூஆர். சீலோம் சாலை மாரியம்மன் கோயில் வாசலில் தேங்காய், பூத்தட்டு வாங்கவும் கையில் நோட்டு வேண்டும். அங்கே ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிப்பார்கள், நாங்கள் போனபோது 220 பாத். கார்டு எதுவானாலும் இது உண்டு, ஜீரோ மார்க்கப் இதைத் தடுக்காது. 2,000 பாத் எடுத்தால் 11 சதவீதம் போச்சு. 10,000 எடுத்தால் 2.2 சதவீதம். எனவே ஒரே தடவையில் பெரிதாக எடுங்கள், அதற்கேற்ப ஆப்பில் ஏடிஎம் லிமிட்டை ஊரிலேயே உயர்த்தி வையுங்கள். டாலர் நோட்டாகக் கொண்டுபோகிறவர்கள் சுவர்ணபூமி விமான நிலையத்தின் அடித்தளத்தில், ரயில் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள மாற்றுக் கவுன்ட்டர்களுக்குப் போகலாம். மேல்தளத்தைவிட அங்கே விலை நன்றாக இருக்கும்.

இனி சொல்வது இரண்டு கார்டுக்காரர்களுக்கும். ஏடிஎம் திரையில் 'வித் கன்வர்ஷன்', 'வித்தவுட் கன்வர்ஷன்' என்று இரண்டு வரும். முதலாவதை அழுத்தினால் அந்த இயந்திரமே தன் விலையில் மாற்றிவிடும். நம் கார்டு ஜீரோ மார்க்கப்பாக இருந்து பயனில்லை. எப்போதும் 'வித்தவுட்' அழுத்துங்கள். கடைகளிலும் இதே கதைதான். ஒரு துணிக்கடையில் பில் போட்ட பெண் என்னைக் கேட்காமலே ரூபாயைத் தேர்ந்துவிட்டார். ரசீதில் 'ஐஎன்ஆர்' என்று பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அன்றைய விசா விலையோடு ஒப்பிட்டபோது நூற்றுக்கு நாலு ரூபாய்க்குமேல் போயிருந்தது. ஆறு நாளும் கவனமாக இருந்து மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி அந்த ஒரே பில்லில் கரைந்தது இன்னும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு, கார்டைக் கொடுக்கும் முன்பே "பாத், பாத்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

எம்ஆர்டி மெட்ரோவில் கார்டைத் தட்டியே உள்ளே போகலாம். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், அதனால் பிள்ளைகளுக்கு டோக்கன் வாங்கினோம். புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். ரிசர்வ் வங்கி விதி அது. கிளம்பும் முன் ஆப்பில் திறந்துவிடுங்கள், வங்கியின் குறுஞ்செய்தி வர வேண்டும் என்பதால் இந்திய சிம்மைப் போனிலிருந்து கழற்றாதீர்கள்.

ஃபாரெக்ஸ் கார்டுக்கு ஒரு பலம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஏற்றிய அன்றைய விலை அப்படியே நிற்கும். பயணத்துக்குள் ரூபாய் விழுந்தாலும் கவலையில்லை. ஆறு நாளில் எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மாதக்கணக்கில் தங்குகிறவர்கள், அமெரிக்காவில் படித்து டாலரிலேயே செலவு செய்யும் நம் மாணவர்கள் விஷயம் வேறு. அந்த மாணவர்களுக்கு இரண்டாவது மாற்றமே இல்லை என்பதால் மச்சான் கார்டு வென்றுவிடக்கூடும். நான் அப்படித் தங்கிப் பார்த்ததில்லை.