வேலைக்கு எந்த டார்ச்: செல் மாற்றுவதா, மாற்ற முடியாததா?

அம்பாசமுத்திரம் பக்கம் ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்களுக்கும் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர்களுக்கும் டார்ச் தினமும் வேண்டும். பேட்டரி உள்ளேயே பொதிந்த டார்ச் விலை குறைவு, போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும். வீட்டுக்கு அது போதும்.

தொழிலுக்கு என்றால் 18650 செல் (கழற்றி மாட்டக்கூடிய, சார்ஜ் ஏற்றும் உருளை வடிவ லித்தியம் செல்) போடும் டார்ச்சைத்தான் சொல்வேன். லித்தியம் செல் சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கியதும் தளர்ந்துவிடும். பொதிந்த டார்ச்சை அப்போது தூக்கிப் போட வேண்டியதுதான். இதிலோ பின்மூடியைத் திருகிப் புது செல் போட்டால் முடிந்தது. நடு வரப்பில் வெளிச்சம் மங்கினாலும் கையில் உள்ள இன்னொரு செல்லை மாட்டிக்கொண்டு நடக்கலாம். ஆனால் உதிரி செல்லைச் சாவிக்கொத்தோடு பையில் போடவே போடாதீர்கள். ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். சின்ன பிளாஸ்டிக் டப்பா அவசியம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு எதை வாங்கினாலும் ஐபி67 என்ற நீர்புகாத் தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். அப்புறம், பெட்டியில் போட்ட லுமன் (வெளிச்ச அளவு) எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். முழு வெளிச்சத்தில் சூடு ஏறியதும் நல்ல டார்ச் தானே குறைத்துக்கொள்ளும். நடுத்தர வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் எரியும் என்று கடையில் கேளுங்கள்.