சிக்பேட்டைச் சந்துக் கடையின் யானைக் காசுத் தட்டு

சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி அவென்யூ ரோட்டுப் பக்கம் நடந்தால் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தச் சின்னப் பழங்காசுக் கடை. கடைக்காரர் தமிழ் பேசுவார். கழுவாத செப்புக் காசுகளை அகலத் தட்டில் கொட்டி வைத்து, வேண்டிய நேரம் பொறுக்க விடுகிறார். எடை போடவும் தடை இல்லை. அபூர்வ வகை தேடுகிறவர்களுக்கு இந்த இரண்டும் போதும்.

தட்டில் பாதிக்கு மேல் திப்பு சுல்தானின் யானைக் காசுகள். எல்லாவற்றுக்கும் "மைசூர் யானை" என்று ஒரே சீட்டுதான். அதை விட்டுவிட்டு முதலில் எடை பாருங்கள். 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு கையோடு இருக்கட்டும். பைசா ஏறக்குறைய 11 கிராம், இரட்டைப் பைசா 22-23, அரை 5.5, கால் 2.8. தேய்ந்த காசு சற்றுக் குறையும். திப்பு இவற்றுக்கு வானத்துப் பெயர்களை வைத்தார்: பைசா ஸோஹ்ரா (வெள்ளிக் கோள்), அரை பஹ்ராம் (செவ்வாய்), கால் அக்தர் (விண்மீன்). பிந்திய காசுகளில் இந்தப் பெயரே பொறித்திருக்கும்.

அடுத்து யானை. வலப்பக்கம் பார்க்கிறதா இடப்பக்கமா, துதிக்கை தூக்கியா தொங்கியா, மேலே ஆண்டு எண் மட்டுமா, அலிஃப், பே போன்ற அரபி எழுத்தும் உண்டா என்று பாருங்கள். அந்த எழுத்து கடைசி ஆண்டுகளின் அடையாளம். பலர் சறுக்குவது ஆண்டைப் படிப்பதில்தான். மௌலூதி ஆண்டு (நபிகள் பிறப்பிலிருந்து எண்ணத் திப்பு கொண்டுவந்த கணக்கு) வந்த பிறகு எண்கள் வலமிருந்து இடமாக ஓடும். 1218 நம் கண்ணுக்கு 8121 என்றுதான் தெரியும். ஹிஜ்ரி 1201-க்குப் பின் கணக்கு நேராக மௌலூதி 1215-க்குத் தாவிவிடும். ஆகவே 1207 என்று படித்தால் தவறு காசில் இல்லை, வாசிப்பில்தான். பின்புறத்தில் 'ஸர்ப்' என்ற சொல்லோடு அச்சடித்த ஊர் இருக்கும். பட்டன் (ஸ்ரீரங்கப்பட்டணம்), நகர் (பிதனூர்) இரண்டும் நிறையக் கிடைக்கும். வேறு ஊர்ப் பெயர் தெரிந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

அச்சு பெரிது, அது விழும் செப்பு வில்லை சிறிது. அதனால் ஏதாவது ஒரு பக்கம் வெளியே போயிருக்கும். யானை முழுசாக விழுந்த காசுக்கு இவர் கூடுதல் விலை சொல்கிறார். வகை சேர்ப்பவருக்கு யானையின் கால் அறுந்து, ஆண்டும் ஊரும் முழுதாக நிற்கும் காசே மேல். அதை இங்கே மலிவாக எடுத்துவிடலாம்! ஒரு பக்கமாகச் சாய்த்து வெளிச்சம் அடித்து, 10 மடங்கு பெரிதாக்கும் லூப்பில் (கைக்கண்ணாடி) பாருங்கள்.

மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் யானைக் காசுகளும் இதே தட்டில் கலந்து கிடக்கின்றன. கன்னட எழுத்தும் ரோமன் எண்ணோடு ஆங்கில 'கேஷ்' என்ற சொல்லும் இருந்தால் அது திப்பு காசு இல்லை.

ராஜராஜன் காசுத் தட்டில் மட்டும் கவனம் தேவை. விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு, பரப்பில் குமிழ்க் குழிகள், உருகினது போல் மழுங்கிய எழுத்து — இவை இருந்தால் அது அச்சடித்ததல்ல, வார்த்தது. வார்த்த காசுக்கு எந்த விலையும் மலிவில்லை.

கடையின் பெரிய குறை, காசைப் போட்டுக் கொடுக்கும் மெத்தென்ற பிவிசி உறை. பெங்களூரு மழைக்காலத்தில் அதன் ரசாயனம் கசிந்து காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். வீட்டுக்குப் போனதும் மைலார் (பிவிசி இல்லாத தெளிவான பிளாஸ்டிக்) ஜன்னல் வைத்த அட்டை உறைக்கு மாற்றுங்கள். அந்த அட்டையை மூட அடிக்கும் ஸ்டேப்பிள் முனையை இடுக்கியால் தட்டையாக்காவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும். பிசுபிசுப்புக்குச் சுத்த அசிட்டோன். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் எண்ணெயும் சாயமும் உண்டு.

"புளி போட்டுத் தேய்த்துத் தரட்டுமா?" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அமிலம் பழுப்பை உரித்து, காசு இளஞ்சிவப்பாகப் பல்லிளிக்கும்; அந்தப் பழுப்பு திரும்பி வராது. கெட்டியான கரும்பச்சைக் களிம்பு ஆபத்தில்லை. பல் குத்தும் குச்சியால் சுரண்டினால் மாவாக உதிரும் வெளிர்பச்சைதான் நோய்: செம்பில் தங்கிய குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அரிக்கிறது. அப்படிப்பட்ட காசை வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு தனி டப்பாவில் வையுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகனுக்குக் கூரியரில் அனுப்ப நினைத்து வாங்காதீர்கள். 100 ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.